நாலாவது தீர்மானத்தில் வெளிநடப்பு

வாங்க சார், பாத்து வாங்க. கடைசிப் படி மட்டும் கொஞ்சம் உசரம். கொத்தனாரு கணக்குத் தப்பிப் போச்சு, விடுங்க. இதான் மாடி. ரெண்டு ரூம், ஒரு ஹாலு, கிச்சன். பேங்க்காரங்களுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கும். நல்ல காத்தோட்டம்... காத்தோட்டம்னு சொன்னதும் ஏன் சார் மூக்கப் பொத்துறீங்க? சரி, பொத்திக்கங்க. மேகாத்து அடிக்குதுல்ல, அதான். கீகாத்து அடிச்சா ஒண்ணுமே தெரியாது. கீகாத்து எப்பன்னா கேக்குறீங்க? ஐப்பசி வரட்டும், தன்னால அடிக்கும்.

ஐயையோ, அந்த ஜன்னலத் தொறக்காதீங்க! தொறந்துட்டீங்களா. போச்சு.

அது மலை இல்ல சார். தேனிப் பக்கம் மாத்தலாகி வந்தா வீட்டு ஜன்னல்ல மலை தெரியும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அது வேற மலை, அந்தப் பக்கம் இருக்கு. இது குப்பை. மேல பறக்குது பாருங்க, அது கழுகு இல்ல, காக்கா. தின்னு தின்னு அந்த சைஸுக்கு ஆயிருச்சு. புகை வர்ற இடம் பேட்டரி, டயரு, அந்த மாதிரி. பேரூராட்சி ஆபீஸ்ல அதுக்கு வச்சிருக்கிற பேரக் கேட்டா சிரிப்பீங்க. வளம் மீட்புப் பூங்கா! பூங்காவாம். ஊஞ்சல் ஒண்ணுதான் பாக்கி.

இது எப்படி இங்க வந்துச்சுன்னுதானே பாக்குறீங்க? ஒரு கவுன்சிலர் வீட்டுக்குப் பின்னாடி எவனாச்சும் குப்பையக் கொட்டுவானான்னு? அதக் கேளுங்க சார். அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஆமா, நான்தான் கவுன்சிலர். புரோக்கர் சொல்லலியா? பாத்தீங்களா, அவன் கிட்டயும் பேசணும். ஒன்பதாவது வார்டு தவமணி. சுயேச்சை, சீப்புச் சின்னம். பஸ் ஸ்டாண்டுல போயி 'வெளிநடப்புத் தவமணி'ன்னு சொல்லுங்க, ஆட்டோக்காரன் நேரா இங்க கொண்டாந்து விடுவான்.

பட்டப்பேரு இல்ல சார், பட்டம். நம்ம பேரூராட்சில என்னை மாதிரி வெளிநடப்புப் பண்ண ஆள் கிடையாது. மாசாமாசம் மன்றக் கூட்டம் நடக்கும். முன்னால எல்லாம் எப்படித் தெரியுமா? கதவைச் சாத்திட்டு உக்காருவோம். தலைவர் பெத்தணன் ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் தீர்மானம்னு சொல்லுவாரு. நாங்க எல்லாரும் 'ஆல் பாஸ்'னு சொல்லுவோம். அப்புறம் போண்டா, டீ. சாந்தமா, கண்ணியமா நடந்துக்கிட்டிருந்துச்சு.

ஆனா பேப்பர்ல போடுறதுக்கு ஏதாச்சும் வேணும்ல? போண்டா தின்னாங்கன்னு போட முடியுமா? அங்கதான் நான் வர்றேன். முத நாளே பெத்தணன் போன் போடுவாரு. "தவமணி, நாளைக்கு எத்தனையாவதுல கிளம்புற?"ன்னு கேப்பாரு. நான் சொல்லுவேன், நாலாவதுல. எப்பவும் நாலாவதுதான் சார். ஒண்ணாவதுலயே போனா அவசரக்குடுக்கைன்னுவான். அதுக்கு மேல லேட்டாக்குனா நிருபர் தம்பி வேற வேலையப் பாக்கப் போயிருவான். நாலாவதுன்னு வந்ததும் எந்திரிப்பேன். துண்டை ஒரு உதறு. அஜெண்டாவ ரெண்டாக் கிழிச்சு ஒரு வீச்சு. "ஜனநாயகப் படுகொலை!"ன்னு ஒரு சத்தம். விடுவிடுன்னு வாசலுக்கு வந்துருவேன். அங்க போட்டோ. முடிஞ்சதும் பின்வாசல் வழியா உள்ள போயி போண்டா சாப்பிடுவேன். வெளிய போனவனுக்குப் போண்டா கிடையாதுன்னு எந்தச் சட்டத்துல சார் இருக்கு?

அஜெண்டாவப் படிக்கிறதா? படிச்சிட்டா கிழிக்க மனசு வராது சார். அனுபவத்துல சொல்றேன்.

இப்படி நல்லாப் போயிக்கிட்டிருந்த எடத்துக்கு ஒரு செயல் அலுவலர் வந்து சேந்துச்சு. ரெக்ஸ்லின்னு பேரு. மார்த்தாண்டம் பக்கத்துப் பொண்ணு, முப்பது வயசு இருந்தா அதிகம். வந்த மொத நாளே சட்டப் புத்தகமும் கையுமா உக்காந்துக்கிச்சு. மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் பாக்கலாம்னு சட்டத்துல இருக்காம். இருக்கும் சார், சட்டத்துல என்னதான் இல்ல? அதுக்காக நிசமாவே கதவத் தொறந்து விடுறதா? தொறந்து விட்டுச்சு. பின்னாடி ரெண்டு வரிசை பெஞ்சு போட்டுச்சு. அஜெண்டாவ முன்கூட்டியே நோட்டீஸ் போர்டுல ஒட்டிருச்சு. எடம் பத்தாம வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கணுமாம், வராந்தாவுல ஒரு ஸ்பீக்கர் பாக்ஸைக் கட்டிருச்சு. ஒவ்வொரு தீர்மானத்தையும் முழுசா வாசிக்குது சார். கமா, புள்ளி விடாம. எங்களுக்கு இடுப்பெல்லாம் விட்டுப்போச்சு.

அதோட விடலியே. உறுப்பினர் நடத்தை விதின்னு ஒரு போர்டு வேற. காகிதத்தக் கிழிக்கக் கூடாதாம். நாற்காலி மேல ஏறக் கூடாதாம். மைக்கைப் பிடுங்கக் கூடாதாம். ஒருத்தர ஒருத்தர் ஒருமைல பேசக் கூடாதாம். அப்புறம் எதுக்கு சார் மன்றம்? இதெல்லாம் போகட்டும், ஓட்டெடுப்புன்னு அறிவிச்சாச்சுன்னா கதவச் சாத்திரணும், எண்ணி முடிக்கிற வரைக்கும் உள்ள இருக்கவன் உள்ள, வெளிய இருக்கவன் வெளிய. இதக் கேட்டதும் பெத்தணனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. நான்தான் தைரியம் சொன்னேன். "விடுங்க தலைவரே, நம்ம பாக்காத விதியா"ன்னேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். நானும் சும்மா இருக்கல. உறுப்பினருக்கு மட்டும் விதி, வேடிக்கை பாக்க வர்றவனுக்கு ஒண்ணும் கிடையாதா? எந்திரிச்சு ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பார்வையாளர் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஒரு சத்தம் வந்தாலும் வெளிய அனுப்பிரணும். இருமக் கூடாதுன்னும் சேத்தேன். அந்தப் பொண்ணு, "இருமலுக்கு விதி போட முடியாது சார்"ன்னு அத மட்டும் அடிச்சிருச்சு. மத்தது ஏகமனதா நிறைவேறிச்சு. அந்தக் கூட்டத்துல மட்டும் நான் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன். நம்ம பேர்ல ஒரு விதி வருதுன்னா இருந்து பாக்கணும்ல.

அப்புறம் வந்துச்சு அந்தக் கூட்டம்.

காலைல நான் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரி இந்திராணி ரேஷன் கடைலேர்ந்து வந்தவ பையக்கூட இறக்கி வைக்கல. "என்னங்க, நம்ம வீட்டுக்குப் பின்னாடி மந்தைப் பொறம்போக்குலதான் குப்பைக்கிடங்கு வரப் போகுதாம், போர்டுல ஒட்டிருக்காம், நாலாவது தீர்மானமாம்"னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏன்டி, கவுன்சிலர் நானு, எனக்குத் தெரியாத விசயம் ரேஷன் கடைக்குத் தெரியுமான்னேன். "அஜெண்டாவ எடுத்துப் பாருங்களேன்"னா. வேட்டி கருகுது, தள்ளிப் போன்னேன். இந்தப் பொம்பளைங்க எத எப்பப் பேசறதுன்னு ஒரு இது கிடையாது சார்.

அவளுக்கு வீசிங் உண்டு. புகை ஆகாது. ஊதுபத்தி கொளுத்துனாலே இழுக்க ஆரம்பிச்சுரும். அதனால பயந்திருக்கா, பாவம்.

கூட்டத்துக்கு வந்துட்டா. அவ மட்டும் இல்ல, தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும். பின்பெஞ்சு பூராம் நம்ம வார்டு ஆளுங்கதான். எனக்குப் பெருமை தாங்கல. இத்தனை வருசமா பேப்பர்ல மட்டும் பாத்தாங்க, இன்னைக்கு நேர்ல பாக்கப் போறாங்க! துண்டை நல்லா நாலு மடிப்பா மடிச்சு வச்சுக்கிட்டேன்.

ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது போச்சு. மூணாவது தெருவிளக்கு பல்பு. அந்தப் பொண்ணு தண்ணியக் குடிச்சிட்டு, "தீர்மானம் நாலு. திடக்கழிவு மேலாண்மைப் பணிக்கு..."ன்னு ஆரம்பிச்சுச்சு. நான் 'நாலு'லயே எந்திரிச்சிட்டேன். துண்டை உதறுனேன். கிழிக்கக் கூடாதுல்ல, அதனால அஜெண்டாவ மடிச்சுச் சட்டைப்பைல வச்சேன். விதிய மதிக்கணும் சார். குரலை எடுத்துச் சொன்னேன்: "ஒன்பதாவது வார்டுக்கு இந்த மன்றம் எதையுமே ஒதுக்குறதில்ல! எங்களைத் தொடர்ந்து புறக்கணிக்கும் தலைவரைக் கண்டித்து வெளிநடப்பு!"

பெத்தணன் பக்கத்துல ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். ஏன் சிரிச்சான்னு எனக்கு அப்பப் புரியல.

இந்திராணியத் திரும்பிப் பாத்தேன். பெஞ்சுலேர்ந்து பாதி எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையையும் கீழ காட்டிக் காட்டி ஆட்டுறா. இப்படி, இப்படி. நான் என்ன நினைச்சேன், மெதுவாப் போங்க, வேட்டி தடுக்கிரப் போகுதுன்னு சொல்றான்னு. பாசக்காரி. நான் சரி சரின்னு கையக் காட்டிட்டு, வேட்டியக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டேன்.

வாசல்ல நிருபர் தம்பி ரெடியா நிக்கிறான். நெஞ்ச நிமித்தி நின்னேன். அவன் போனத் தூக்குறான். தலைக்கு மேல பாக்ஸ்ல அந்தப் பொண்ணு குரல்: "...ஒன்பதாவது வார்டு, செக்கடி மேட்டுத் தெருவுக்குப் பின்புறம் உள்ள மந்தைப் புறம்போக்கு நிலத்தை ஒதுக்கீடு செய்ய மன்ற அனுமதி கோரப்படுகிறது. ஓட்டெடுப்பு அறிவிக்கப்படுகிறது."

செக்கடி மேட்டுத் தெரு எது தெரியுதா சார்? இப்ப நீங்க வந்தீங்களே, அந்தத் தெரு.

திரும்பி ஓடுனேன் பாருங்க, வேட்டியாவது ஒண்ணாவது. கதவச் சாத்திட்டான். நம்ம ஒச்சப்பன், ஆபீஸ் பியூன், எத்தனை போண்டா பொட்டலம் அவன் கைல குடுத்திருப்பேன்! கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, "ஓட்டெடுப்பு அறிவிச்சாச்சுண்ணே, இப்பத் தொறந்தா எனக்கு மெமோ"ங்கிறான். டேய், என் வீட்டுக்குப் பின்னாடிடான்னேன். "தெரியும்ணே, போர்டுல ஒட்டிருந்துச்சே"ங்கிறான். பின்வாசலுக்கு ஓடுனேன். பூட்டு. ஜன்னலுக்கு வந்து கம்பியப் பிடிச்சுக்கிட்டு, "எதிர்ப்பு! எதிர்ப்பு!"ன்னு கத்துறேன். உள்ள இருக்க எல்லாரும் என்னையப் பாக்குறாங்க, ஆனா எண்ணிக்கைல எடுத்துக்க மாட்டாங்களாம். ஜன்னல்ல இருக்கவன் மன்றத்துல இல்லியாம்.

இதக் கேளுங்க. பெத்தணன் பக்கத்து ஆளு ஒருத்தருக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரில ஆப்பரேசன். இன்னொருத்தருக்கு அவரு மேல மனத்தாங்கல், எதிர்ப்புப் பக்கம் கையத் தூக்கிட்டாரு. பாக்ஸ்ல தெளிவாக் கேக்குது: "ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஆறு." சமம்! சமமா வந்தா தலைவர் இன்னொரு ஓட்டுப் போடலாம்னு சட்டம். போட்டாரு. என்னைய ஜன்னல்ல பாத்துக்கிட்டேதான் போட்டாரு.

இதுக்கு யாரச் சொல்றீங்க? அந்தப் பொண்ணத்தான் சொல்லணும். கதவு சாத்துற விதி இல்லேன்னா நான் உள்ள போயிருப்பேன்ல? வெளிப்படைத்தன்மை வெளிப்படைத்தன்மைன்னு எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டு, வேணுங்கிற கதவ மட்டும் சாத்திட்டா என்ன நியாயம்?

மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நெஞ்ச நிமித்தி நின்னது இல்ல. கம்பிக்கு நடுவுல மூஞ்சிய அழுத்திக்கிட்டு நின்னது. 'உள்ளே வரத் துடித்த உறுப்பினர்'னு கீழ போட்டிருந்தான். அந்தத் தம்பிக்கு எத்தனை டீ வாங்கிக் குடுத்திருப்பேன்!

ராத்திரி இந்திராணிகிட்ட கேட்டேன், நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு. "கையக் காட்டுனேன்ல"ன்னா. கையக் காட்டுனா எனக்கென்ன தெரியும், வாயத் தொறந்து 'உக்காருங்க'ன்னு சொல்ல வேண்டியதுதானேன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. "வாயத் தொறக்கக் கூடாதுன்னு விதி போட்டது யாரு?"ன்னா. நல்லாருக்கா சார் இது? கட்டுன புருசன்கிட்ட சட்டம் பேசுறா. அந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து ஊர்ப் பொம்பளைங்களே கெட்டுப் போச்சுங்க.

தண்ணி வேணுமா சார்? கண்ணு எரியுதா? எரியும். சாயங்காலத்துல ஒரு லோடு வரும், அதான் அந்த டிராக்டர் சத்தம். முடிச்சிர்றேன், இருங்க.

மொத லாரி வந்தன்னைக்கே அவளுக்கு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. மூச்சு விடவே திணறுவா சார். அந்த மெஷினை மூக்குல வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பா. படுக்க முடியாது. நானும் கூடவே முழிச்சிருப்பேன். அழுகை அழுகையா வரும். என்ன பண்றது, ஆம்பள அழ முடியுமா.

ஆனா அவ சும்மா இருக்கல. நேராப் போயி அந்தப் பொண்ணப் பாத்திருக்கா. கிடங்கை ரத்துப் பண்ணணும்னு உறுப்பினர் ஒருத்தர் புதுத் தீர்மானம் குடுத்தா அந்த விசயத்த மறுபடி ஓட்டுக்கு விடலாம்னு அது சொல்லிருக்கு. குடுத்தவரு மன்றத்துல இருக்கணும், அவரே வாசிக்கணும், இல்லாட்டித் தள்ளுபடி. தள்ளுபடியாச்சுன்னா அதே விசயத்த ஆறு மாசத்துக்குத் தொட முடியாது. இந்திராணி அந்தத் தீர்மானத்த உக்காந்து தன் கையால எழுதுனா. நான் கையெழுத்துப் போட்டேன். வீடு வீடா ஏறி இறங்குனா, அந்த மூச்ச வச்சுக்கிட்டு. பெத்தணன் பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரு வீட்டுக்கே போயி, அவங்க பொஞ்சாதிமாரப் பாத்துப் பேசி, அந்த ரெண்டு ஓட்டையும் வாங்கிட்டு வந்துட்டா! செயிக்கிறது உறுதின்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

கூட்டத்துக்குக் கிளம்புறப்ப சொன்னா, "நீங்க ஒண்ணுமே பண்ண வேணாங்க. உக்காந்திருந்தாப் போதும். யாரு என்ன சொன்னாலும் உக்காந்திருங்க"ன்னா. தலைல கை வச்சுச் சத்தியம் கேட்டா. செஞ்சு குடுத்தேன்.

உக்காந்தேன் சார். கைய நாற்காலிக்கடில குடுத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாவது முடிஞ்சுது. மூணாவது முடிஞ்சுது. அடுத்து நம்மளுது. அதுவும் நாலாவதாப் போட்டுத் தொலைச்சிருக்கு அந்தப் பொண்ணு. பெத்தணன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டே, சாவகாசமா ஒரு வார்த்தை விட்டாரு. "இன்னைக்குத் தவமணி எங்கயும் போக மாட்டாரு. வீட்டுல உத்தரவு."

கொல்லுனு சிரிச்சாங்க சார். மன்றம் பூராம். ஒச்சப்பன் சிரிக்கிறான். பெஞ்சுல நம்ம தெருக்காரனே ஒருத்தன் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். சத்தம் வராமச் சிரிச்சா விதி மீறல் இல்லியாம்.

நீங்களே சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? மானம் பெருசா, குப்பை பெருசா? நான் எந்திரிக்கணும்னு நினைக்கக்கூட இல்ல. காலு தன்னால எந்திரிச்சிருச்சு. துண்டு தன்னால உதறிக்கிச்சு. "தனிநபர் தாக்குதலைக் கண்டித்து வெளிநடப்பு!" சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம... இல்ல, ஒரு தடவை திரும்பிப் பாத்தேன். இந்திராணி இந்தத் தடவை கையக் காட்டல. தலையக் குனிஞ்சு மடியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அவளுக்கே புரிஞ்சிருச்சு, புருசனுக்கு ஒரு கௌரவம் இருக்குன்னு.

வராந்தாவுல நிக்கிறப்ப பாக்ஸ்ல கேட்டுச்சு: "முன்மொழிந்தவர் அவையில் இல்லாததால் தீர்மானம் தள்ளுபடி செய்யப்படுகிறது." அந்தப் பொண்ணு குரல் ஒரு மாதிரி கம்மிப் போயிருந்துச்சு. ஜலதோசமா இருக்கும்.

நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள இந்திராணி பைய எடுத்துக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா, போடிக்கு. டாக்டர் சொல்லிருப்பாரு, காத்து மாத்தணும்னு. அங்க நல்ல காத்தாம். போன் பண்ணா அக்காதான் எடுக்குறாங்க. தூங்குறாங்கிறாங்க, குளிக்கிறாங்கிறாங்க. நல்லாத் தூங்குறா போல. தூங்கட்டும்.

வீடு வெறிச்சுன்னு இருக்கு சார். கீழ நான் ஒத்தையாளு. அதான் மாடிய வாடகைக்கு விடுவோம்னு போர்டு மாட்டுனேன். வாடகை நீங்க சொல்றதுதான். நாலு பேச்சு பேச ஆளு வேணும், அம்புட்டுதான். வந்து பாத்தவங்க எல்லாம் இந்த ஜன்னல் வரைக்கும்தான் வர்றாங்க. ஆறு மாசம் முடியட்டும், மறுபடியும் தீர்மானம் போடுவேன். அந்தப் பெத்தணன் மட்டும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தான்னா...

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? பாத்ரூம் பாக்கலியே நீங்க. சார்... படி உசரம், பாத்து... சார்!

ஏதாச்சும் சொல்லிட்டுப் போங்க சார். பிடிக்கலேன்னாவது சொல்லுங்க. வெளிய போறதுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல? நான் எத்தனை தடவை போயிருக்கேன், ஒரு தடவையாவது காரணம் சொல்லாமப் போயிருக்கேனா? இந்திராணியும் இப்படித்தான், ஒரு வார்த்தை சொல்லல. காரணம் சொல்லாமப் போனா அது வெளிநடப்பு இல்ல சார், சும்மா போறது...

சரி, போறதுதான் போறீங்க, அந்த கேட்டையாவது சாத்திட்டுப் போங்க. தொறந்து கெடந்தா நாயி குப்பைய இழுத்துக்கிட்டு உள்ள வந்துருது.